இடது கீழ் மூலை

இரண்டு வருடங்களாக நான் சுட்ட குண்டுகள் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. இலக்கு அட்டையின் இடது கீழ் மூலை. கறுப்பு வட்டத்தைக் குறிவைப்பேன், மூச்சை அடக்குவேன், விசையை அழுத்துவேன். அட்டையை இழுத்துப் பார்த்தால் இடது கீழ் மூலையில் கோழி கிளறியதுபோல் ஐந்தாறு ஓட்டைகள் இருக்கும். குழலின் பின்பக்கம் குறிபார்க்க உதவும் பின்குறியின் திருகை வலப்பக்கம் நகர்த்தினேன். கொஞ்சம் மேலேயும் ஏற்றினேன். ஓட்டைகளின் கூட்டம் நகர்ந்து வந்தது, ஆனால் அதன் அகலம் குறையவில்லை. மூலையில் சிதறியது நடுவில் சிதறியது, அவ்வளவுதான்.

குறை துப்பாக்கியில்தான் என்று முடிவுகட்டினேன். ஒரு பிஸ்டலை விற்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் இடது கீழ் மூலைக்கே போனது. நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கினேன். அதற்கும் அந்த மூலைதான் பிடித்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதற்குள் மூன்று கூடம் மாறியிருந்தேன்.

‘இலக்குப் பயிற்சிக்கும் பொழுதுபோக்காகச் சுடுவதற்கும் சின்ன காலிபரில் எது நல்ல துப்பாக்கி?’ என்று யாராவது என்னிடம் கேட்டால், பதில் சொல்லுமுன் அந்த மூலைதான் நினைவுக்கு வரும். என் பதிலும் அங்கிருந்து வந்ததுதான்.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். சின்ன காலிபர் என்றால் நான் சொல்வது .22 லாங் ரைபிள். பெயரில் ரைபிள் இருந்தாலும் கைத்துப்பாக்கிக்கும் அதே தோட்டாதான். இதன் மூத்த அண்ணன் .22 ஷார்ட், 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் முதல் ரிவால்வருக்காக வந்தது. லாங் ரைபிள் 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை வடிவம் அதிகம் மாறவில்லை. குண்டின் எடை பெரும்பாலும் 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். வழக்கமான 9 மி.மீ. குண்டு இதைப்போல் மூன்று மடங்கு எடை இருக்கும். கைத்துப்பாக்கியிலிருந்து புறப்படும்போது .22 குண்டுக்கு இருக்கும் ஆற்றல் 9 மி.மீ. குண்டின் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஒரு கிலோ எடையுள்ள துப்பாக்கியில் அதைச் சுட்டால் பின்னுதைப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. யாரோ மணிக்கட்டைத் தட்டிக் கூப்பிட்டதுபோல் இருக்கும்.

விலை மலிவு, சத்தம் குறைவு என்று இதன் நன்மைகளை அடுக்குவார்கள். எல்லாம் சரிதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெரிய காலிபரில் உங்கள் தவறுக்கு ஒரு சாக்கு உண்டு: அதிர்ந்தது, உதைத்தது, கை வலித்தது. .22-இல் அந்தச் சாக்கு எதுவும் செல்லாது. குண்டு இடது கீழ் மூலைக்குப் போனால், அங்கே அனுப்பியவர் நீங்கள்தான்.

இந்தத் தோட்டாவின் குணம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் துப்பாக்கிகளுக்குப் போக முடியும். பெரிய தோட்டாக்களில் வெடியூட்டும் மருந்து அடிப்பக்கத்தின் நடுவில் தனிக் குப்பியாக இருக்கும். .22-இல் அது உறையின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். சுடும் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். மருந்து விளிம்பில் ஏதோ ஓரிடத்தில் சரியாகப் பரவாமல் போய், ஊசி அந்த இடத்திலேயே விழுந்தால், ‘டிக்’ என்ற ஓசையோடு முடிந்துவிடும். மற்ற தோட்டாக்களைவிட .22 இப்படி அடிக்கடி ஏமாற்றும். அப்போது குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிப்பதும் உண்டு. ‘டிக்’ என்று கேட்டதும் துப்பாக்கியைத் திருப்பி அதன் வாயைப் பார்க்கிறவர் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன்.

அந்த விளிம்பினால் இன்னொரு தொல்லையும் உண்டு. மேகசினுக்குள் தோட்டாக்களை அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், மேல் தோட்டா முன்னால் நகராது. .22 மேகசின்களைச் சாய்வாக வடிவமைப்பதும், ஒவ்வொரு தோட்டாவையும் பார்த்து இறக்கப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைப்பதும் இதற்காகத்தான். அவசரமாக அடுக்கிவிட்டுப் பிறகு துப்பாக்கியைத் திட்டியவன் நான். நீங்கள் நிதானமாக அடுக்குங்கள்.

சரி, துப்பாக்கிகள். இந்த வகையில் ஒரு பெரிய குடும்பத்துக்குத் தலைப்பிள்ளை என்றால் ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டல். 1915-இல் வந்தது, 1927-இல் வுட்ஸ்மன் என்று பெயர் பெற்றது, 1977 வரை தயாரானது. மெலிந்த குழல், சாய்ந்த பிடி. இன்று சேகரிப்பாளர்கள் கையில் இருக்கிறது. கிடைத்தாலும் அதைத் தினமும் சுட மனம் வராது.

அடுத்து ரூகர். போர் முடிந்து ஊர் திரும்பிய ஒரு படைவீரரிடமிருந்து 1945-இல் ஒரு ஜப்பானிய நம்பு பிஸ்டலை வாங்கிய பில் ரூகர், அதைப் பார்த்துத் தன் பட்டறையில் இரண்டு பிரதிகள் செய்து பார்த்தார். அந்தப் பரிசோதனையிலிருந்துதான் 1949-இல் ரூகர் ஸ்டாண்டர்டு பிறந்தது. தகட்டை அச்சில் அழுத்தி இரண்டு பாதிகளாக எடுத்து, அவற்றைப் பற்றவைத்துப் பிடியாக்கியதால் தயாரிப்புச் செலவு இறங்கியது. மார்க் 2 1982-இல், மார்க் 4 2016-இல் என்று அந்தப் பரம்பரை தொடர்கிறது. பழைய மார்க்குகளைப் பிரித்துவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல், உறுப்புகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்கு வந்து நிற்பவர்களைப் பற்றிய வேடிக்கைக் கதைகளுக்குக் கணக்கில்லை. மார்க் 4-இல் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பகுதி கழன்று நிமிர்கிறது. அந்தக் கதைகளுக்கு அங்கே முற்றுப்புள்ளி.

பிரௌனிங் பக் மார்க் 1985-இல் வந்தது. விசை மிருதுவாக இருக்கும். பெட்டியைத் திறந்த அன்றே நன்றாகச் சுட ஆசைப்படுகிறவருக்கு ஏற்றது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41 1957-இலிருந்து இருக்கிறது. அதன் விசை கண்ணாடிக் கம்பி முறிவதுபோல் விடுபடும். ஆனால் நல்ல தோட்டாவைத்தான் விரும்பிச் சாப்பிடும், எதைக் கொடுத்தாலும் விழுங்குகிற பிள்ளை அல்ல.

இந்த மூன்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் முன்னும் பின்னும் ஓடும் உறுப்பின்மேல் பின்குறி உட்காருவதில்லை. ரூகரில் தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் பூட்டு ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. மாடல் 41-இல் குழலோடு சேர்ந்த ஒரு நீண்ட பட்டை பின்னால் வந்து பின்குறியைத் தாங்குகிறது. பக் மார்க்கில் பாலம்போன்ற ஒரு தண்டு அந்த வேலையைச் செய்கிறது. மூன்றிலும் இரண்டு குறிகளும் குழலோடு ஒரே குடும்பமாக நிற்கின்றன. காவல்துறை, ராணுவத் துப்பாக்கிகளின் சாயலில் செய்யப்பட்ட .22 பிஸ்டல்கள் பலவற்றில் பின்குறி ஓடும் மேல்பாகத்தின்மேல் இருக்கும். பழக அவை நல்லவைதான். இலக்கு அட்டைக்கு முதலில் சொன்ன அமைப்பே எனக்கு உகந்தது.

குறிகளுக்கு நடுவே உள்ள தூரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 200 மி.மீ. இருக்கிறது, உங்கள் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரில் குண்டு 50 மி.மீ. விலகும். 25 மீட்டரில் 125 மி.மீ. விலகும். அந்தத் தூரத்தை 150 மி.மீ. ஆகக் குறைத்தால் அதே ஒரு மில்லிமீட்டர் தவறு 10 மீட்டரில் 67 மி.மீ. ஆகிவிடும். சட்டைப்பையில் அடங்கும் குட்டித் துப்பாக்கி பார்க்க அழகாக இருக்கிறது என்று இலக்குப் பயிற்சிக்கு வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். குழல் நீண்டால் குண்டு தானாக நேராகப் போகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் தவறு குறைவாகப் பெருகும், அவ்வளவே.

குறிகளுக்குப் பதிலாகப் புள்ளி ஒளிரும் ரெட் டாட் கண்ணாடியை வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கே வேண்டாமே என்பார்கள். உண்மைதான். வயதான கண்களுக்கு அது வரம். ஆனால் தொடக்கத்தில் அந்தப் புள்ளியின் நடுக்கத்தைப் பார்த்துப் பயந்து, அது நிற்கும் ஒரு நொடியில் விசையைச் சுண்டிவிடுகிற பழக்கம் எனக்கு வந்தது. போய்ச் சேர்ந்த இடம் எது என்று சொல்லத் தேவையில்லை.

பிடியைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஏனென்றால் யாரும் அதைப் பார்த்து வாங்குவதில்லை. ஒலிம்பிக் போட்டியாளர்கள் பயன்படுத்தும் பார்டினி போன்றவற்றில் பிடி மரத்தில் செதுக்கப்பட்டு, கையை உறைபோல் பொதிந்துகொள்ளும். மேகசினும் விசைக்கு முன்னால் இருக்கும், ஆகவே பிடியைக் கைக்காகவே வடிவமைக்க முடிகிறது. நமக்கு அந்த அளவுக்கு வேண்டாம். காலியான துப்பாக்கி, காலிதானா என்று நாமும் கடைக்காரரும் இரண்டு முறை பார்த்தது, பாதுகாப்பான திசை. இதெல்லாம் உறுதியான பிறகு கண்ணை மூடிக் கையை இயல்பாக உயர்த்துங்கள். கண்ணைத் திறந்ததும் முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் நின்றால் அந்தப் பிடி உங்களுடையது. முன்குறி வானம் பார்த்தால் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டோடு ஒத்துப்போகவில்லை. ரூகரின் சாய்ந்த பிடி பிடிக்காதவர்களுக்காக, 1911 என்ற பழைய அமெரிக்க ராணுவப் பிஸ்டலைப்போல் சற்று நிமிர்ந்த பிடியோடு 22/45 என்று ஒரு கிளையே இருக்கிறது. சுட்டுவிரலின் முதல் கணுச் சதை விசைமேல் படிகிறதா என்றும் பாருங்கள். விரல் எட்டாவிட்டால் விசையைப் பக்கவாட்டில் இழுப்போம், ரொம்ப உள்ளே போனாலும் இழுப்போம். இடது கீழ் மூலைக்கு ஒரு பாதை அதுதான்.

ஒரு பாதைதான். முக்கியமான பாதை எது என்று எனக்குக் காட்டியவர் எங்கள் சுடுதளத்தின் பயிற்சியாளர். அறுபதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை அம்மா என்றே அழைப்போம். மூன்றாவது பிஸ்டலின் பின்குறியையும் நான் திருகிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

“தம்பி, அந்தத் திருகு என்ன பாவம் செய்தது? கீழே வை.”

தன் பெட்டியிலிருந்து ஒரு ரிவால்வரை எடுத்தார். ஆறங்குலக் குழல், ஆறு அறைகள், பிடியின் மரம் கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 17. 1931-இல் கே-22 என்று தொடங்கிய வரிசை, 1957-இல் இந்த எண்ணைப் பெற்றது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருளையில் ஏதோ நிரப்பினார், மூடினார், நீட்டினார்.

“ஆறும் சுடு.”

முதல் குண்டு வெடித்தது. இரண்டாவது வெடித்தது. மூன்றாவதில் ‘டிக்’. தோட்டா வெடிக்கவில்லை. ஆனால் குழலின் முனை சடக்கென்று இடப்பக்கமாகக் கீழே இறங்கியது. இரண்டு விரற்கடையாவது இருக்கும். வெடிப்பே இல்லை, உதைப்பே இல்லை, ஆனாலும் என் கை வராத உதைப்பை எதிர்பார்த்து முன்கூட்டியே அமுக்கிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? இரண்டு வருடமும் மூன்று பிஸ்டலும் அந்த இரண்டு விரற்கடையில் இருந்தன.

அவர் மூன்று அறைகளில் நல்ல தோட்டாவும், மூன்றில் ஏற்கெனவே சுட்ட வெற்று உறையும் வைத்து உருளையைச் சுழற்றிவிட்டிருந்தார். வெற்று உறை வைப்பதற்குக் காரணம் உண்டு. .22-இல் அறை முற்றிலும் காலியாக இருக்கும்போது விசையை இழுத்தால், பல துப்பாக்கிகளில் சுடும் ஊசி நேராக அறையின் எஃகு விளிம்பிலேயே மோதி அதை நசுக்கும். நாளடைவில் தோட்டா உள்ளே போக மறுக்கும். ரூகர் மார்க் வரிசையில் ஊசியைத் தடுக்க ஒரு குறுக்கு முள் இருக்கிறது, எல்லாவற்றிலும் அப்படி இல்லை. வீட்டில் தோட்டா இல்லாமல் விசைப் பயிற்சி செய்ய விரும்புகிறவர்கள் துப்பாக்கியின் கையேட்டைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். அந்த அறையில் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்லிவிடுகிறேன்.

பிஸ்டலிலும் போலித் தோட்டாவை மேகசினில் கலந்து இந்தப் பரிசோதனையைச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு ‘டிக்’குக்கும் மேல்பாகத்தை இழுத்துப் போலியை வெளியே தள்ள வேண்டும். ரிவால்வரில் அடுத்த முறை சுத்தியை இழுத்தால் போதும், உருளை தானே நகரும். அடுத்தது எது என்று தெரியாமல் ஆறு முறை நம்மை நாமே பரீட்சித்துக்கொள்ளலாம். அன்று எனக்குத் தேவைப்பட்டது இப்படி ஒரு பரீட்சைதான். ஒரு மாதத்துக்குள் அதே மாடலில் பழையது ஒன்று தேடி வாங்கினேன். என்னிடம் இருந்த பிஸ்டலை விற்றுவிட்டேன்.

ஆக, என் பிடித்தமான துப்பாக்கி ஓர் ஆறு அறை ரிவால்வர். இதைச் சொன்னால் பிஸ்டல் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். பத்துத் தோட்டா இல்லை, வேகம் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றாகச் சுட்டு, உறைகளைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். அந்த மந்தம்தான் எனக்கு வேண்டியது. பத்துத் தோட்டா மேகசினில் முதல் மூன்றைக் கவனமாகச் சுட்டுவிட்டு மீதி ஏழையும் தீபாவளி வெடிபோல் கொளுத்தித் தள்ளுவேன். ஆறில் அதற்கு இடமில்லை. சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால் விசை மிக இலேசு. விசையை மட்டும் இழுத்துச் சுட்டால் கனம், அதிலும் .22 ரிவால்வர்களில் கூடுதல் கனம். அந்த விளிம்பை நசுக்கச் சுத்தி ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறதே, அதனால்தான். அந்தக் கனமும் விரலுக்கு நல்ல பயிற்சி.

தோட்டா விஷயத்திலும் ரிவால்வர் அடம்பிடிப்பதில்லை. பிஸ்டல்களின் பின்னுதைப்பு வில்லும் பூட்டும் ஒரு குறிப்பிட்ட உந்துதலுக்காகச் சீர்செய்யப்பட்டவை. வேகம் குறைந்த இலக்குத் தோட்டாவைப் போட்டால் சிலவற்றில் வெற்று உறை முழுதாக வெளியேறாமல் வாயில் சிக்கிப் புகைக்கூண்டுபோல் நிற்கும். ரிவால்வரில் அடுத்த அறையைத் திருப்புவது என் கை, ஆகவே எந்தத் தோட்டாவும் ஓடும். ஆனால் எல்லாம் ஒன்றுபோல் போவதில்லை. நான்கைந்து வகைகளை வாங்கி, துப்பாக்கியை மணல்மூட்டையில் சாத்தி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தேன். ஒரு வகை நாணய அளவுக் கூட்டம் போட்டது. இன்னொரு வகை உள்ளங்கை அளவு. உள்ளங்கை வகைதான் விலை அதிகம். பக்கத்துப் பாதையில் சுட்டவரின் பிஸ்டலுக்கு நிலைமை நேர்மாறாக இருந்தது. யார் பேச்சையும் கேட்காமல் உங்கள் குழலையே கேளுங்கள் என்பதற்குமேல் இதில் அறிவுரை கிடையாது.

ரிவால்வருக்கும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். .22 குண்டு மெழுகு பூசிய ஈயம், அழுக்கு அதிகம். நூறு சுட்டபின் அறைகளில் கரி படிந்து தோட்டா உள்ளே போக அடம்பிடிக்கும், உறைகள் வெளியே வரவும் அடம்பிடிக்கும். ஒரு சின்னத் தூரிகை பையில் இருந்தால் பிரச்சினை இல்லை. ‘புஸ்’ என்று சோம்பலாக ஒரு சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்றை அனுப்புவது ஆபத்து. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். குண்டிலும் ஈயம், விளிம்பில் பூசிய மருந்திலும் ஈயம்.

‘சின்னக் குண்டுதானே’ என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இந்தச் சின்னக் குண்டு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரம்வரை போகக்கூடியது. தகர டப்பாவைக் கல்மேல் வைத்துச் சுடுகிறவர் அதற்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்காவிட்டால், அவர் கையில் எந்தத் துப்பாக்கி இருந்தாலும் எனக்கு அவரோடு பேச்சு இல்லை. கல்லில் பட்ட .22 குண்டு எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உரிமம், பூட்டி வைப்பது, யார் எதை எங்கே சுடலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் படியுங்கள். துப்பாக்கியே வேண்டாம், குறிபார்க்கும் கலைதான் வேண்டும் என்றால் 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கியும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறது. 10 மீட்டர் ஒலிம்பிக் போட்டியே அதில்தான்.

ஒலிம்பிக் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஹங்கேரியின் கரோலி தகாச், வலக்கையால் சுடுகிற ராணுவ வீரர். 1938-இல் பயிற்சியில் ஒரு கையெறிகுண்டு வெடித்து அந்தக் கை சிதைந்தது. இடக்கையால் முதலிலிருந்து பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். ஐந்து இலக்குகள், இலக்குக்கு ஒரு குண்டு, எல்லாம் சில நொடிகளில். நான் இதைச் சொல்லி வியந்தபோது அம்மா, “முதல் மாதம் அவருக்கும் குண்டு எங்கேயோதான் போயிருக்கும்” என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

சென்ற வாரம் என் ரிவால்வரை அவரிடம் கொடுத்து நிரப்பச் சொன்னேன். முதுகைக் காட்டி நிரப்பினார். முதல் வெடி, வட்டத்துக்குள். அடுத்தது ‘டிக்’, முன்குறி இருந்த இடத்திலேயே நின்றது. மறுபடி ‘டிக்’, அப்போதும் அசையவில்லை. பிறகு இரண்டு வெடி. என் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆறாவது ‘டிக்’கில் முனை இடப்பக்கம் ஒரு நூலிழை இறங்கியது.

“பார்த்தீர்களா அம்மா?”

“பார்த்தேன்” என்றவர் தோட்டாப் பெட்டியை என் பக்கமாக நகர்த்தினார். “உருளையைத் திற.”